நாலு ரோட்டில் பச்சை விழவில்லை

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பதினாறு வருடமாக, மற்றவர்கள் கண்ணைச் சோதிக்கிற இடத்தில்தான் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முதலாளியே என் கண்ணையும் பார்த்துவிடுவார். சிவப்பு எனக்குச் சிவப்பாகத்தான் தெரிகிறது, பச்சை பச்சையாகத்தான் தெரிகிறது. அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. அந்தப் பழக்கமே கிடையாது. தூக்கக் கலக்கம் என்றும் சொல்ல முடியாது, மணி ஆறரைகூட ஆகவில்லை.

எதற்கு இவ்வளவு என்றால், இதைக் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். நாலாவது ஆள் என் மனைவி. அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று அவளும் வண்டியில் இருந்தாள்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரமெல்லாம் சரியாக இருக்கும். அன்று மாலை முழுக்க நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் பழைய காசு சேர்ப்பார்கள். நான் சாலைப் பலகைகள் சேர்க்கிறேன். வேகத்தடை, வளைவு, பள்ளி, குறுகிய பாலம், எல்லாம். திருடுவதில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்குவேன். அந்தக் காலத்துப் பலகைகளில் எழுத்தைச் சுற்றிக் கோலிக்குண்டு போலச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் பதித்திருப்பார்கள். வெளிச்சம் பட்டால் ஒவ்வொன்றும் கண் திறக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிடுவேன். பழைய சிக்னல் விளக்குகள் நான்கு இருக்கின்றன. சிக்னலைக் கையால் இயக்கும் போலீஸ் பெட்டி ஒன்றும் இருக்கிறது, சாவியோடு. கடையில் எனக்குப் பெயரே ‘சிக்னல்’தான்.

வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. “வீட்டுக்குள்ள நடக்கவே லைசென்ஸ் வேணும் போல” என்பாள் மனைவி. குளியலறைக் கதவில் ‘வழி விடு’ பலகையை மாட்டியது அவள்தான். வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

எங்களுக்கு ஒரே பெண், நான்கு வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு விளையாட ஒரு சிக்னல் செய்து கொடுத்திருந்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மூன்று குட்டி பல்புகள், பின்னால் காசு போன்ற தட்டையான பேட்டரி ஒன்று. அதன் மூடிக்குத் திருகாணி போட வேண்டும். நாளைக்குப் போடலாம் என்று விட்டிருந்தேன். இரண்டு வாரமாக அந்த நாளை வரவில்லை.

அன்று மாலை 5.42.

கூடத்தில் பாப்பா இருமினாள். எச்சில் ஒழுகியது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் அந்தக் குட்டி சிக்னல் கிடந்தது. பின்பக்கம் திறந்திருந்தது. பேட்டரியைக் காணோம்.

நான் தரையில் குனிந்து பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவிதான் எங்கள் டாக்டருக்கு போன் போட்டாள். அவர் குரலிலேயே அவசரம் தெரிந்தது.

“எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது சாதாரண காசு இல்ல, உணவுக்குழாயை அரிச்சிடும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். இங்க அதுக்கு வசதி இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் சொல்லி வைக்கிறேன்.”

ரெண்டு மணி நேரம். அப்படியானால் 7.42.

ஆம்புலன்ஸுக்குக் கேட்டோம். வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். என்னிடம் ஒரு பழைய கார் உண்டு. 5.56க்குக் கிளப்பினேன். மனைவி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வெளியே தூறல், இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி முப்பத்து நான்கு கிலோமீட்டர். எப்போதும் ஐம்பது நிமிஷத்தில் போய்விடலாம்.

6.10க்கு வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பாலத்தில் வேலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்புப் பின்விளக்குகள். எதிரே வந்த லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: “ஒன்றரை மணி நேரமா நிக்குது! தலைகீழா நின்னாலும் போக முடியாது!”

பாப்பா முனகிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பழைய ரோடு ஞாபகம் வந்தது. பாலம் கட்டுவதற்கு முன்பு இருந்த நெடுஞ்சாலை. இப்போது அதில் யாரும் போவதில்லை. கிழக்கே உள்ள ஊர்க்காரர்கள் மட்டும் நாலு ரோட்டில் அதற்குள் திரும்பிப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போவார்கள். எனக்கு அந்த ரோடு உள்ளங்கை மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் நடந்தே போய் ஒவ்வொரு பலகையையும் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் பதினாலு பலகைகள், ஒன்பது கிலோமீட்டர் கற்கள். நாலு ரோட்டில் சாய்ந்து கிடக்கும் ஒரு ‘நில்’ பலகை. பக்கத்தில், எப்போதோ சிக்னல் கம்பம் நின்றதற்கு அடையாளமாக ஒரு சிமெண்ட் மேடை. அதில் அறுத்து எடுத்த நான்கு போல்ட்டுகள்.

நான் சொல்ல வருவது இதுதான். அங்கே சிக்னல் இல்லை என்பது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

6.15க்குப் பழைய ரோட்டில் திரும்பினேன்.

ஒரு வண்டி இல்லை, விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடிகள். மனைவி பாப்பாவிடம் ஏதோ பாடிக்கொண்டே வந்தாள். வேகமானி எழுபதைத் தொட்டது. அந்த ரோட்டில் அது அதிகம்தான். இப்படியே போனால் ஏழு மணிக்குள் போய்விடலாம் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

6.24க்கு இடதுபக்கம் ஒரு பலகை தெரிந்தது.

முக்கோணம். உள்ளே மேலிருந்து கீழாக மூன்று வட்டங்கள். ‘முன்னால் சிக்னல்’ என்று அர்த்தம். இப்படி ஒரு பலகை என் கணக்கில் இல்லை. பதினாலில் இது கிடையவே கிடையாது. பெயின்ட் ஈரம் காயாதது போலப் பளபளத்தது. பழைய வகை, கண்ணாடி மணிகள் பதித்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த மணிகள் என் ஹெட்லைட் வெளிச்சம் படுவதற்கு முன்னாலேயே மின்னிக்கொண்டிருந்தன.

“என்னங்க அது?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

6.26.

நாலு ரோடு.

சிக்னல் நின்றது. சிவப்பு எரிந்தது.

என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பழக்கம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் சிவப்பைத் தாண்டியதில்லை, அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. கடையில் இதற்காகக் கிண்டல் செய்வார்கள்.

“ஏன் நிறுத்துறீங்க?”

“சிக்னல்…”

“யாருமே இல்லையே! போங்க!”

அவள் சொன்னது சரி. கியர் போட்டு நகர்த்தினேன். வண்டியின் மூக்கு குறுக்கு ரோட்டைத் தொட்டிருக்கும்…

பாஆஆஆம்…

காது கிழிகிற மாதிரி லாரி ஹாரன். காற்று அடித்து வண்டியே ஆடியது. கண்ணாடியில் சேறு தெறித்தது. பின்னால் எடுத்துவிட்டேன். எனக்கும் மனைவிக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

லாரி வரவில்லை. ஹாரன் வந்தது, காற்று வந்தது, சேறுகூட வந்தது. லாரி மட்டும் வரவில்லை.

“பார்த்தியா?”

“சத்தம் கேட்டுச்சு.” அவள் பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை எடுத்தேன். மறுபடியும் அதே ஹாரன். இந்தத் தடவை முன் பம்பரில் ஏதோ உரசிய சத்தம் கேட்டது. பின்னால் எடுத்தேன். மூன்றாவது முறை எடுக்கத் தைரியம் இல்லை. பின்னால் குழந்தை இருக்கிறது.

மணி 6.33.

திரும்பிப் போனால் பாலத்து நெரிசல், முன்னால் போனால் அது. சிவப்பு மாறுமா என்று காத்திருந்தேன். ஸ்டியரிங்கை அடித்தேன். யாரை என்று தெரியாமல் கெட்ட வார்த்தையில் திட்டினேன். சிவப்பு அசையவில்லை. பழைய விளக்குகளில் பல்ப் மாறும்போது மெதுவாக மங்கி மெதுவாக ஏறும். இது மங்கவும் இல்லை.

“அப்பா… வலிக்குது” என்றாள் பாப்பா. எச்சிலில் லேசாக ரத்தம் கலந்திருந்தது.

“ஏதாவது செய்யுங்க!” மனைவி அலறினாள். “சும்மா பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே! உங்க சிக்னலாலதானே இந்தக் கதி! ஏதாவது செய்யுங்க!”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அப்போதுதான் கம்பத்தின் இடுப்பளவில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். என் வீட்டில் இருப்பதே போன்ற இரும்புப் பெட்டி. போலீஸ்காரர் நின்று கையால் சிக்னலை மாற்றுவது. அந்தப் பெட்டிகளுக்கு எல்லாம் ஒரே அச்சு, ஒரே முக்கோணச் சாவி. என் சாவிக்கொத்தில் அந்தச் சாவியும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயல் வழியாக ஓடியிருப்பார்கள். சிவப்பு விழுந்திருக்கிறது, அதைப் பச்சையாக்க வேண்டும் என்று என்னை மாதிரிக் கிறுக்கனுக்குத்தான் தோன்றும்.

இறங்கினேன். மணி 6.41.

கம்பம் லேசாக உறுமியது. மின்கம்பி எங்கே வருகிறது என்று பார்த்தேன். கம்பத்தின் அடியில் ஒரு கம்பி வெளியே வந்து அறுந்து கிடந்தது. அவ்வளவுதான். வேறு இணைப்பு கிடையாது.

சாவி சேர்ந்தது. கதவு திறந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். கதவின் உட்பக்கம் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது:

‘கைமுறையில் வைத்தவர், பணி மாற ஆள் வரும் வரை இடம் விட்டு அகலக் கூடாது.’

உள்ளே ஒரு கைப்பிடி. அதற்கு மூன்று இடம். தானியங்கி, நேர்ச் சாலை, குறுக்குச் சாலை. அது குறுக்குச் சாலையில் இருந்தது. முதலில் தானியங்கிக்குத் திருப்பிப் பார்த்தேன். போகவில்லை. முழு பலத்தையும் போட்டேன். அந்தப் பக்கம் அது அசையவே இல்லை.

மீதி இருந்தது ஒரே இடம்தான்.

கைப்பிடியை மறுபடி இறுகப் பிடித்தபோதுதான் உறைத்தது.

அது சூடாக இருந்தது.

கரண்ட் சூடு இல்லை. யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்து, இப்போதுதான் கையை எடுத்த சூடு. வியர்வை ஈரம்கூட இருந்தது…

பின்னால் பாப்பா அழுதாள்.

திருப்பினேன்.

டக்.

சிவப்பு மெதுவாக மங்கியது.

பச்சை விழுந்தது.

குறுக்கு ரோட்டில், இருட்டுக்குள், நீளமாக ஒரு பிரேக் சத்தம். கிரீஈஈச்… பிறகு அமைதி. யாரோ என் கழுத்துக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார்கள். நிம்மதிப் பெருமூச்சு. பிறகு யாரோ நடந்து போனார்கள். பூட்ஸ் காலடி. ஐந்தோ ஆறோ எண்ணினேன்.

ஓடினேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தக் கைப்பிடியை அப்படியே விட்டுப் போனால் குறுக்கு ரோட்டுக்குச் சிவப்பு நிற்கும். எனக்கு அது தெரியும். சிக்னலைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா? தெரிந்தேதான் விட்டுவிட்டு ஓடினேன். அந்த வழியில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை. என் குழந்தையை மட்டும் நினைத்தேன்.

6.43க்குச் சந்திப்பைத் தாண்டினோம். எந்தச் சத்தமும் வரவில்லை. மனைவி ஒரு தடவை பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

7.08க்குப் பெரிய ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நேரத்தையும் நானே எழுதினேன். இப்போதும் அங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 7.20க்குப் பாப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். 8.05க்கு டாக்டர் வெளியே வந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். உள்ளே கறுத்துப்போன பேட்டரி.

“கொஞ்சம் புண்ணாகியிருக்கு. ஆறிடும். இன்னும் ஒரு அரை மணி நேரம் போயிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்.”

நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் தடுத்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மனைவி என் தோளைத் தொடவில்லை. அப்போது அது எனக்குப் படவே இல்லை.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் அந்தச் சந்திப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிறகு மூன்று தடவை பகலில் அங்கே போனேன். சிக்னல் இல்லை, பெட்டி இல்லை, முக்கோணப் பலகை இல்லை. சிமெண்ட் மேடை இருக்கிறது. போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றன. சாய்ந்த ‘நில்’ பலகை கிடக்கிறது. சாலைத் துறை அலுவலகத்தில் பழைய கோப்பை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சிக்னலை எடுத்து இருபத்தேழு வருடம் ஆகிறது. ஏன் எடுத்தார்கள் என்று அதில் எழுதவில்லை. எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் உங்களுக்கு இதெல்லாம்?” என்றார். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என் கார் பம்பரில் கீறல் இன்னும் இருக்கிறது.

சரி. சொல்லிவிடுகிறேன்.

அன்று 8.30 இருக்கும். பாப்பாவை வார்டுக்கு மாற்றும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்ச். அதில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். லுங்கி நனைந்திருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. மடியில் ஒரு சிறுவனின் சட்டை.

நர்ஸ் என்னிடம் மெல்லச் சொன்னார். “பாவம். ஒன்பது வயசுப் பையன். மூச்சுத்திணறல். கொண்டு வரும்போதே உயிர் இல்ல. இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்.”

என் மனம் இளகியிருந்த நேரம். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை. பாட்டிலை வாங்கினார், குடிக்கவில்லை.

“எங்கிருந்து வர்றீங்க?” என்றேன்.

“கிழக்க. நாலு ரோடு வழியா.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் தரையைப் பார்த்தே பேசினார். “சிக்னல் விழவே இல்லைங்க.”

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“அங்க சிக்னலே கிடையாது. தெனமும் போற வழி. இன்னிக்கு நிக்குது. செவப்பு. தாண்டப் போனா லாரி அடிக்க வர்ற சத்தம். மூணு தடவை போய்ப் பாத்தேன். பையன் வண்டியில பின்னாடி மூச்சு இழுத்துட்டு இருக்கான்…”

“எத்தனை… எத்தனை மணிக்கு?”

“ஏழு பத்துக்கு அங்க வந்தேன். ஏழு முப்பத்தி மூணு வரைக்கும் நின்னேன். இருபத்தி மூணு நிமிஷம்.”

நான் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

“பெட்டிகிட்ட ஒருத்தன் நின்னுட்டிருந்தான்” என்றார்.

“…யாரு?”

“தெரியல. முதுகுதான் தெரிஞ்சுது. கை பெட்டிக்குள்ள இருந்துச்சு. கத்தினேன். ஐயா, பையனுக்கு மூச்சு வரல, போட்டு விடுங்கன்னு கெஞ்சினேன். திரும்பவே இல்ல. பையனைத் தூக்கிட்டு அவன்கிட்ட ஓடினேன். எவ்வளவு ஓடினாலும் அவன் பத்தடி தள்ளியே நிக்கிறான். செருப்பு அங்கதான் விட்டுப்போச்சு.”

அவர் மடியில் இருந்த சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“பையன் கை தொங்கிப்போச்சு. அடுத்த நிமிஷம் பச்சை விழுந்துச்சுங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. அவர் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அப்படி வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

“பாப்பாவோட அப்பா வாங்க!” வார்டு கதவிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

எழுந்தேன். நடந்தேன்.

ஒரு அடி. இரண்டு. மூன்று.

பின்னால் பெஞ்ச் கிரீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார்.

நான்கு…

“டேய்.”

நான் நின்றேன்.

“டேய்… நில்லு. திரும்பு.”

நான் திரும்பவில்லை. வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவர் கத்துவது கேட்டது. பிறகு காவலாளிகள் வந்து அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனார்கள். அவர் பெயர் தெரியாது. கிழக்கே ஏதோ ஊர் என்று தெரியும், ஆனால் இந்த ஐந்து மாதத்தில் நாலு ரோட்டைத் தாண்டிக் கிழக்கே போகவில்லை.

நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். 7.10க்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், கையெழுத்து இருக்கிறது. அவர் பார்த்தது வேறு யாரோ. பிள்ளையைப் பறிகொடுத்தவர், கண்டதையும் சொல்வார். பாதி உலகத்துக்கு என் மாதிரி முதுகுதான்.

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது இட்லி, சோறு எல்லாம் சாப்பிடுகிறாள். சேர்த்து வைத்த பலகைகளையும் பெட்டியையும் இரும்புக் கடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன். காசு வாங்கவில்லை.

ஆனால் மனைவி மாறிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு போடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். நான் பாப்பாவைத் தூக்கினால் மட்டும் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வாள். இறக்கி விடும்வரை நகர மாட்டாள்.

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. பாப்பா தூங்கிய பிறகு சமையலறையில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டி, சூடான கைப்பிடி, பெருமூச்சு, அந்த அப்பா, முதுகு, எல்லாம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் குழாயை நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்குக் கிளம்பினப்ப திரும்பிப் பாத்தேன்ல. நீங்க அங்க நின்னுட்டிருந்தீங்க. பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு, எங்க வண்டியப் பாத்துட்டே நின்னீங்க. அழுதுட்டிருந்தீங்க.”

“நான் வண்டியில இருந்தேனே… நான்தானே ஓட்டினேன்!”

“முன் சீட்டுலயும் நீங்கதான் இருந்தீங்க.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கத்தலாம்னு நினைச்சேன். வண்டியை நிறுத்தினா பாப்பா போயிடுவா. ரெண்டு பேர்ல யாரு எங்களைக் கொண்டுபோய்ச் சேத்தா என்னன்னு வாய மூடிக்கிட்டேன்” என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பாப்பா படுத்திருந்த அறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.